தீவிர பாக்டீரியா நிமோனியாவை விலங்கு மாதிரியில் ஆராய்தல்: ஆய்வு மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தமிழில் 'மாதிரி' என்ற சொல்லுக்குள்ளேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஒருவரை 'அண்ணன் மாதிரி' என்று சொல்லும்போதே அவர் அண்ணன் அல்லர் என்பதும் சொல்லப்பட்டுவிடுகிறது. விலங்கு மாதிரி என்று நாம் அழைப்பதும் அப்படித்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவியோடு கிடக்கும் அறுபத்தைந்து வயது நீரிழிவு நோயாளியின் நுரையீரலும், பத்து வாரமே ஆன நோயறியாச் சுண்டெலியின் நுரையீரலும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை முதல் நாளே கணக்கில் எடுத்துக்கொண்டு ஆய்வைத் திட்டமிடுபவருக்கும், கட்டுரை எழுதும்போது கடைசிப் பத்தியில் மட்டும் ஒப்புக்கொள்பவருக்கும் கிடைக்கும் முடிவுகள் வேறு வேறு.

பெங்களூருவின் ஆய்வகங்களில் சேரும் தமிழ் மாணவர்கள், குறிப்பாக உயிர்வேதியியலிலிருந்தோ நுண்ணுயிரியலிலிருந்தோ வந்து முதன்முறையாக விலங்குக்கூடத்துக்குள் நுழைபவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர்ப் பக்கம் தேநீர்க் கடையில் உட்கார்ந்து என்னிடம் கேட்ட கேள்விகளே இந்த வழிகாட்டியின் அடிப்படை. நிமோகாக்கஸ், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஆகிய, இரண்டாம் நிலை உயிரியல் பாதுகாப்பில் கையாளப்படும் கிருமிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். காசநோய்க்கு வேறு கூடமும் வேறு விதிகளும் வேண்டும். அது இங்கே இல்லை.

முதல் படி: கேள்வியைக் குறுக்குதல்

'தீவிர நிமோனியாவை ஆராயப் போகிறேன்' என்பது ஓர் ஆய்வுக் கேள்வி அல்ல. நோயாளியிடம் 'தீவிரம்' என்ற சொல்லுக்குத் திட்டமான பொருள் உண்டு. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கமும் தொற்றுநோய்ச் சங்கமும் 2007இல் வகுத்த அளவுகோலின்படி, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து தேவைப்படும் அதிர்ச்சி நிலை, அல்லது செயற்கைச் சுவாசம் தேவைப்படும் நிலை, இவற்றுள் ஒன்று இருந்தாலே அது தீவிர நிமோனியா. இவையின்றி, நிமிடத்துக்கு முப்பதும் அதற்கு மேலுமான மூச்சு வேகம், குழப்ப நிலை, பல மடல்களில் பரவல், வெள்ளணுக் குறைவு, உடல் குளிர்தல் போன்ற சிறு அளவுகோல்களில் மூன்று சேர்ந்தாலும் தீவிரம்தான். இந்தப் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு, உங்கள் விலங்கில் இவற்றுள் எவற்றை உண்மையில் அளக்க முடியும் என்று எழுதிப் பாருங்கள். சுண்டெலியிடம் குழப்ப நிலையைக் கேட்டறிய முடியாது. ஆனால் உடல் குளிர்வதையும் வெள்ளணு குறைவதையும் இரத்தத்தில் கிருமி பரவுவதையும் அளக்கலாம்.

அடுத்து, கேள்வியை மூன்று வகைகளுள் ஒன்றில் வையுங்கள். கிருமியின் ஒரு மரபணுவோ நச்சோ நோயில் என்ன பங்கு வகிக்கிறது என்பது முதல் வகை. உடலின் எதிர்ப்பாற்றல் எங்கே காக்கிறது, எங்கே தன் திசுவையே சிதைக்கிறது என்பது இரண்டாவது. ஒரு மருந்து பலன் தருமா என்பது மூன்றாவது. முதல் வகைக்குச் சிகிச்சை அளிக்காத இளம் சுண்டெலி பெரும்பாலும் போதும். மூன்றாம் வகைக்கு அது போதவே போதாது. ஒரே மாதிரியை வைத்து மூன்றுக்கும் விடை சொல்ல முயல்வதுதான் இந்தத் துறையில் நான் மிகுதியாகக் கண்ட தவறு.

இரண்டாம் படி: விலங்கைத் தேர்தல்

பெரும்பாலோர் சுண்டெலியிலேயே தொடங்குவார்கள். விலை, இடம், மரபணு மாற்றிய வகைகள், எதிர்பொருள்களின் கிடைப்பு எல்லாம் அதன் பக்கமே. ஆனால் அதன் நுரையீரலை ஒருமுறை உற்று நோக்க வேண்டும். இடப்பக்கம் ஒரே மடல், வலப்பக்கம் நான்கு. மூச்சு மூக்கு வழியாகவே போகிறது. மனிதரைப் போல இருமிக் கோழையை வெளியேற்றுவதில்லை. மூச்சுக்குழாய்க்கு அடியில் சளிச் சுரப்பிகளும் மிகக் குறைவு. மனித இரத்தத்தின் வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள், அதாவது கிருமியை முதலில் வந்து விழுங்கும் அணுக்கள். சுண்டெலியில் அவை பத்திலிருந்து இருபத்தைந்து விழுக்காடு அளவில்தான், மீதி பெரும்பாலும் லிம்ஃபோசைட்டுகள். பாக்டீரியா நிமோனியா முதன்மையாக நியூட்ரோஃபில்களின் போர் என்பதால் இந்த வேறுபாடு சிறியதல்ல.

தேர்வு எப்படிச் சறுக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஸ்டெஃபைலோகாக்கஸின் பான்டன்–வாலன்டைன் நச்சு. இளம் வயதினரின் நுரையீரலைச் சில நாட்களில் அழுகச் செய்யும் நிமோனியாவோடு இந்த நச்சு தொடர்புடையது என்று மருத்துவர்கள் கண்டார்கள். சுண்டெலிகளில் நடத்திய சோதனைகளோ ஒன்றுக்கொன்று முரணான விடைகளைத் தந்தன. காரணம் பின்னர் தெரிந்தது: நச்சு நியூட்ரோஃபிலின் மேல் பற்றிக்கொள்ளும் ஏற்பி மனிதரிலும் முயலிலும் பொருந்தும், சுண்டெலியில் பொருந்தாது. முயலில் சோதித்தபோது நச்சின் அழிவு வேலை தெளிவாக வெளிப்பட்டது. பல ஆண்டுகள் நீண்ட விவாதத்தின் வேர், தவறான விலங்கு. எனவே உங்கள் கேள்வியின் மையத்தில் இருக்கும் மூலக்கூறு தேர்ந்தெடுத்த விலங்கில் மனிதரைப் போலவே வேலை செய்கிறதா என்பதை நூலகத்தில் உட்கார்ந்து தேடுவதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். அந்த ஒரு வாரம் ஓராண்டை மிச்சப்படுத்தும்.

சுண்டெலிக்குள்ளும் வகை முக்கியம். நிமோகாக்கஸை பால்ப்-சி வகை ஓரளவு தாங்கும். சிபிஏ வகை விரைவில் இறந்துபோகும். சி3எச்/எச்இஜே வகையில் கிருமியின் நச்சை உணரும் டிஎல்ஆர்-4 ஏற்பி பழுதானது என்பதால் கிளெப்சியெல்லா போன்ற கிராம்-எதிர்க் கிருமிகளுக்கு அதைத் தெரியாமல் பயன்படுத்தினால் முடிவு தலைகீழாகும். சி57 பிளாக்-6 என்று பொதுவாக எழுதுவது போதாது. 'ஜே' கிளையில் என்என்டி என்ற மரபணு பழுதாகியிருக்கிறது, 'என்' கிளையில் அது முழுமையாக இருக்கிறது. மரபணு நீக்கிய விலங்கு ஒரு கிளையிலும் ஒப்பீட்டு விலங்கு மறு கிளையிலும் இருந்தால் நீங்கள் அளப்பது எதையென்று உங்களுக்கே தெரியாது. வாங்கும் இடத்தையும் கிளையையும் முழுப் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.

வயதும் துணை நோயும் தனியே சிந்திக்க வேண்டியவை. பதினெட்டு மாதம் தாண்டிய முதிய சுண்டெலிகளைப் பேணுவது செலவு மிக்கது; ஆனாலும் மருந்துக் கேள்வி என்றால் இறுதிக் கட்டச் சோதனையை அவற்றிலும் ஒருமுறை நடத்தியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. செயற்கைச் சுவாசம், இரத்த அழுத்த மருந்து, மணிக்கணக்கான கண்காணிப்பு ஆகியவை கேள்வியின் மையமாக இருந்தால் பன்றியோ செம்மறியோ தேவைப்படும். அதற்கு மயக்க மருத்துவர், கால்நடை மருத்துவர், இரவுப் பணியாளர் என்று ஒரு சிறு தீவிர சிகிச்சைப் பிரிவையே கட்ட வேண்டும். தனி மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டுக்காகத் தொடங்கும் வேலை அல்ல அது.

மூன்றாம் படி: கிருமியும் அது நுழையும் வழியும்

கிருமி வகையைத் தேரும்போது ஆய்வகத்தில் பல்லாண்டு வளர்ந்த பழைய வகையா, நோயாளியிடமிருந்து அண்மையில் பிரித்ததா என்று முடிவு செய்ய வேண்டும். பழையதன் மரபணுத் தொடர் தெரியும், பிறர் முடிவுகளோடு ஒப்பிடலாம். புதியது நோய்க்கு நெருங்கியது. நிமோகாக்கஸை ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால் அதன் உறை குறைந்து நோயூட்டும் தன்மையும் மங்கிவிடலாம். உறையுள்ள வகை சுண்டெலியைக் கொல்வதையும் உறையற்றது கொல்லாததையும் வைத்துத்தான் ஃபிரெடெரிக் கிரிஃபித் 1928இல் தம் புகழ்பெற்ற சோதனையைச் செய்தார். அந்த வேறுபாடு நம் குளிர்பெட்டிக் குப்பியிலும் சத்தமில்லாமல் நிகழும்.

கிளெப்சியெல்லாவின் சாதாரண மருத்துவமனை வகைகள் பல, நலமான சுண்டெலியின் நுரையீரலில் நிலைப்பதே இல்லை. அதனால்தான் மருந்துச் சோதனைகளில் சைக்ளோபாஸ்ஃபமைடு கொடுத்து நியூட்ரோஃபில்களைக் குறைத்துவிட்டுத் தொற்றை ஏற்படுத்துகிறார்கள். மருந்து தானாக எவ்வளவு கிருமியைக் கொல்கிறது என்று அறிய அது நல்ல வழி. எதிர்ப்பாற்றல் பற்றிய கேள்விக்கோ அது பயனற்றது, ஏனெனில் கேள்விக்குரிய அணுவையே நீங்கள் அகற்றிவிட்டீர்கள். சூடோமோனாஸின் நாட்பட்ட தொற்று வேண்டுமென்றால் அகார் மணிகளில் பொதித்து வைக்கும் பழைய முறை இன்றும் உதவுகிறது.

நுழையும் வழி முடிவையே மாற்றும் என்பதற்கு டாப்டோமைசினைவிடச் சிறந்த பாடம் இல்லை. இரத்தத் தொற்றுக்கும் தோல் தொற்றுக்கும் நன்கு வேலை செய்யும் இம்மருந்து, சமூகத்தில் பெறப்படும் நிமோனியாவுக்கான மருத்துவச் சோதனைகளில் தோற்றது. காரணம், நுரையீரல் காற்றறைகளில் பரவியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் படலம் மருந்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. 2005இல் வெளிவந்த ஆய்வில், மூச்சுவழித் தொற்றிய சுண்டெலி நிமோனியாவில் மருந்து தோற்றது. இரத்த வழியாக நுரையீரலை அடைந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் தொற்றில் அதே மருந்து வேலை செய்தது. இரண்டுமே 'நிமோனியா மாதிரி'தான். ஆனால் காற்றறைக்குள் இருந்த கிருமியும் இரத்தக் குழாயைச் சுற்றியிருந்த கிருமியும் ஒரே மருந்தை வேறு வேறு இடங்களில் சந்தித்தன.

நடைமுறையில் இளம் ஆய்வாளர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. லேசான மயக்கத்தில் மூக்குத் துளையில் சில பத்து மைக்ரோலிட்டர் விடுவது எளிது. அளவு குறைந்தாலும் மயக்கம் போதாவிட்டாலும் பாதி மூக்கிலேயே தங்கிவிடும் என்பது அதன் குறை. மூச்சுக்குழாய்க்குள் நேரடியாக இடுவது சீரானது. கை பழக வேண்டும். எந்த வழியானாலும், முதலில் சாயம் கலந்த உப்புக் கரைசலைக் கொண்டு, வேறு ஆய்வுக்குப் பின் கருணைக்கொலை செய்யப்படவிருக்கும் விலங்குகளில் உங்கள் மேற்பார்வையாளர் முன்னிலையிலும், அதற்குரிய அனுமதியோடும் பயிலுங்கள். சாயம் இரு பக்க நுரையீரலுக்கும் ஒழுங்காகச் சேரும்வரை கிருமியைத் தொட வேண்டாம்.

நான்காம் படி: அனுமதி

இந்தியாவில் விலங்குச் சோதனைகள் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மையக் குழுவால் கண்காணிக்கப்படுகின்றன. முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று அறியப்பட்ட அது இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. என்ற பெயரில் இயங்குகிறது. உங்கள் நிறுவனக் கூடம் அதில் பதிவாகியிருக்க வேண்டும். சுண்டெலி, எலி, முயல் போன்ற சிறு விலங்குகளுக்கான விண்ணப்பத்தை 'பி' படிவத்தில் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு முடிவு செய்யும். பன்றி, குரங்கு போன்றவற்றுக்கு மையக் குழு வரை போக வேண்டும். நெறிமுறைக் குழுவில் கால்நடை மருத்துவரும், வெளி நிறுவன விஞ்ஞானியும், அறிவியல் துறை சாராத ஒருவரும், மையக் குழு நியமித்தவரும் இருப்பார்கள். கிருமிக்கும், மரபணு மாற்றிய வகைக்கும் நிறுவன உயிரியல் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் தனியே வேண்டும்.

இந்தக் குழுவைத் தடையாகப் பார்க்கும் மாணவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அறிவியல் சாராத அந்த உறுப்பினர் 'ஏன் இத்தனை விலங்குகள்?' என்று கேட்கும் கேள்விக்குத் தெளிவாக விடை சொல்ல முடியாவிட்டால், உங்கள் திட்டம் இன்னும் முற்றவில்லை. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மாற்று, குறைப்பு, செம்மை என்ற மூன்று கொள்கைகளும் அந்தப் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் நிற்கின்றன. உயிரணு வளர்ப்பிலோ மனித நுரையீரல் திசுத் துண்டிலோ பதில் கிடைக்கும் பகுதியை அங்கேயே முடித்துவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் விலங்கைக் கேளுங்கள்.

மயக்க மருந்தான கீட்டமைனும் வலிநீக்கியான புப்ரெனார்ஃபினும் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருபவை. பூட்டிய அலமாரியும் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் கணக்குப் பதிவேடும் இல்லாமல் அவற்றை வாங்கத் திட்டமிடாதீர்கள். கொள்முதலுக்கு மாதங்கள் ஆகலாம்.

ஐந்தாம் படி: குப்பியும் முன்னோட்டமும்

ஒரு முழு ஆய்வுக்குப் போதுமான கிருமிக் குப்பிகளை ஒரே நாளில் வளர்த்து, கிளிசரால் சேர்த்து, கழித்தல் எண்பது டிகிரியில் உறையவையுங்கள். பின் வெவ்வேறு நாட்களில் குறைந்தது மூன்று குப்பிகளை உருக்கி அகார் தட்டில் பரப்பி எண்ணுங்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் அந்தத் தொகுதி பயன்படும். நிமோகாக்கஸ் வளர்ச்சியின் உச்சத்தைத் தாண்டியதும் தன் உயிரணுச் சுவரைத் தானே சிதைத்துக்கொண்டு சாகும். எனவே கலங்கல் அளவு ஒன்றாக இருந்தாலும் உயிருள்ள கிருமியின் எண்ணிக்கை பத்து மடங்கு வேறுபடலாம்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். நான் முன்பு வேலை செய்த ஆய்வகம் ஒன்றில், ஒரு காலை சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலில் ஒன்றரை மணி நேரம் சிக்கிக்கொண்டேன். கிருமிக் கரைசலைத் தயாரித்துவிட்டு எனக்காக அறை வெப்பத்தில் வைத்திருந்தார்கள். அன்றைய விலங்குகள் எவையும் நோயுறவில்லை. தட்டில் எண்ணியபோது நாங்கள் கொடுத்தது திட்டமிட்டதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. அன்றிலிருந்து விலங்குக்குக் கொடுத்து முடித்த பின் மிஞ்சிய கரைசலையும் தட்டில் பரப்பி எண்ணுவதைத் தவறியதில்லை. கொடுத்ததாக நினைத்த அளவை அல்ல, உண்மையில் கொடுத்த அளவையே பதிவு செய்ய வேண்டும்.

முன்னோட்டச் சோதனையில் சில விலங்குகளுக்கு வெவ்வேறு அளவுகள் கொடுத்து, நோய் எப்போது வெளிப்படுகிறது, எப்போது திரும்ப முடியாத கட்டத்தை அடைகிறது என்று பாருங்கள். இங்கே 'எந்த அளவு எல்லாவற்றையும் கொல்லும்' என்று தேடக் கூடாது. சிகிச்சை தொடங்கச் சில மணி நேர இடைவெளி தரும் அளவே உங்களுக்குத் தேவை. பன்னிரண்டு மணி நேரத்தில் கொல்லும் தொற்று, நிமோனியா என்பதைவிட நச்சு அதிர்ச்சிக்கு நெருங்கியது.

ஆறாம் படி: தொற்றும் நாள்

விலங்குகள் கூடத்துக்கு வந்து ஒரு வாரமாவது பழகியிருக்க வேண்டும். குலுக்கல் முறையில் குழுக்களைப் பிரியுங்கள். கூண்டு வாரியாகப் பிரிப்பது குலுக்கல் ஆகாது. ஒரே கூண்டில் வாழும் சுண்டெலிகள் ஒன்றன் கழிவை ஒன்று உண்பதால் குடல் நுண்ணுயிர்கள் ஒன்றாகிவிடும். குடல் நுண்ணுயிர்கள் நுரையீரல் எதிர்ப்பாற்றலைப் பாதிக்கும். ஆகவே ஒவ்வொரு கூண்டிலும் எல்லாச் சிகிச்சைக் குழுக்களின் விலங்குகளும் கலந்திருக்கட்டும். எது எந்தக் குழு என்பது கொடுப்பவருக்கும் பின்னர் மதிப்பெண் இடுபவருக்கும் தெரியக் கூடாது.

ஒவ்வொரு தொகுதியையும் நாளின் ஒரே நேரத்தில் தொற்றவையுங்கள். நுரையீரலின் உட்கடிகாரம் நியூட்ரோஃபில்களின் வருகையை மாற்றுகிறது; காலைத் தொகுதியும் மாலைத் தொகுதியும் ஒப்பிடத் தக்கவை அல்ல.

ஏழாம் படி: சிகிச்சையோடு கூடிய மாதிரி

பெரும்பாலான வழிகாட்டிகள் இந்தப் படியை ஒரு வரியில் கடந்துவிடும். நான் இங்கே சற்று நிற்க விரும்புகிறேன், ஏனெனில் 'தீவிர' என்ற சொல் இங்கேதான் உண்மையாகிறது.

மருத்துவமனையில் ஒரு நோயாளி தீவிர நிமோனியாவால் இறக்கும்போது அவர் ஆன்டிபயாடிக், திரவம், ஆக்சிஜன் எல்லாம் பெற்ற பின்னும் இறக்கிறார். சிகிச்சை அளிக்காத சுண்டெலியோ கட்டற்றுப் பெருகும் கிருமியால் இறக்கிறது. இரண்டாவது மரணத்தைத் தடுக்கும் பொருள் முதலாவதைத் தடுக்கும் என்று எண்ண எந்த நியாயமும் இல்லை. செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) ஆராய்ச்சியின் நெடிய தோல்வி வரலாற்றில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிரோட்ரெகோஜின் ஆல்ஃபா என்ற செப்சிஸ் மருந்து, பின்னர் நடந்த பெரிய சோதனையில் பலன் காட்டாததால் 2011இல் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. சுண்டெலியின் மரபணு வெளிப்பாடு மனித அழற்சியை ஒத்ததா என்ற கேள்விக்கு, 2013இல் ஒரு குழு 'இல்லை' என்றது. அதே தரவுகளை வேறு முறையில் அலசிய இன்னொரு குழு பின்னர் 'மிக ஒத்தது' என்றது. தரவு ஒன்றே என்பதைக் கவனியுங்கள். எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே விடையை நிர்ணயித்தது.

எனவே மருந்துக் கேள்வியில் குறைந்தது நான்கு குழுக்கள் வேண்டும்: தொற்று மட்டும், தொற்றோடு ஆன்டிபயாடிக், தொற்றோடு ஆய்வு மருந்து, இரண்டும் சேர்ந்தது. இவற்றோடு தொற்றில்லாத ஒப்பீடும். மூன்றாவது குழு நெறிமுறைக் குழுவில் கேள்விக்குள்ளாகும். முன்னோட்டத்தில் பதில் கிடைத்துவிட்டால் அதை முதன்மைச் சோதனையில் விட்டுவிடலாம்.

சிகிச்சையைத் தொற்றும் நேரத்திலோ அதற்கு முன்போ தொடங்காதீர்கள். நோயாளி காய்ச்சல் வந்த பின்தான் மருத்துவமனைக்கு வருகிறார். எடைக் குறைவு, உடல் வெப்பக் குறைவு, எட்டாம் படியில் வரும் நோய் மதிப்பெண்ணின் உயர்வு ஆகிய அறிகுறிகளில் முன்பே வரையறுத்த ஒன்று தோன்றிய பிறகு தொடங்குங்கள். ஆன்டிபயாடிக்கின் அளவை மனித அளவிலிருந்து எடையால் பெருக்கிக் கணிப்பதும் தவறு. சுண்டெலியின் சிறுநீரகம் பெனிசிலின் இனமான பீட்டா-லாக்டம் மருந்துகள் பலவற்றை மனித உடலைவிடப் பன்மடங்கு விரைவாக வெளியேற்றும். அவ்வினத்து மெரோபெனெமைச் சிதைக்கும் நொதி அதன் சிறுநீரகத்தில் மிகுதி. கிருமியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவுக்கு மேல் மருந்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை மனிதருக்கு இணையாகக் கொண்டுவர, சிறு அளவுகளை அடிக்கடி கொடுக்க நேரும். மருந்தியல் துறை நண்பர் ஒருவரை இப்போதே பிடித்துவையுங்கள்.

உடல் வெப்பத்துக்கு இணையாக வெதுவெதுப்பாக்கிய உப்புக் கரைசலைத் தோலுக்கடியில் கொடுப்பதும், கூண்டில் ஒரு பக்கம் வெப்பத் திண்டு வைப்பதும், தரையிலேயே ஈர உணவு வைப்பதும் சுண்டெலிக்கான தீவிர சிகிச்சை. 2017இல் வியன்னாவில் கூடிய வல்லுநர்கள் செப்சிஸ் மாதிரிகளுக்கென வகுத்த குறைந்தபட்சத் தர நெறிகளும் திரவம், ஆன்டிபயாடிக், வலிநீக்கம் ஆகியவற்றை வலியுறுத்துகின்றன. வலிநீக்கி எதிர்ப்பாற்றலை மாற்றிவிடும் என்று சிலர் தயங்குவார்கள். ஐசியூ நோயாளியும் வலிநீக்கியோடுதான் கிடக்கிறார் என்பதே என் பதில். எல்லாக் குழுக்களுக்கும் சமமாகக் கொடுத்தால் ஒப்பீடு கெடாது. ஸ்டீராய்டு பற்றிய கேள்வி இருப்பவர்கள், 2023இல் வெளியான பிரெஞ்சுச் சோதனையில் தீவிர நிமோனியா நோயாளிகள் 800 பேரில் ஹைட்ரோகார்ட்டிசோன் 28 நாள் இறப்பை 11.9 விழுக்காட்டிலிருந்து 6.2ஆகக் குறைத்ததை நினைவில் வைத்துத் தம் மாதிரியில் அந்த மருந்தையும் ஒரு குழுவாகச் சேர்ப்பது நல்லது. மனிதரில் பலன் தந்த ஒன்றை உங்கள் மாதிரி காட்டுகிறதா என்பதே அந்த மாதிரிக்கான தேர்வு.

ஆக்சிஜன் அளவை அளப்பவர்களுக்குப் பெங்களூரு சார்ந்த ஒரு குறிப்பு. நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருப்பதால் காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. தீவிர சுவாசக் கோளாறுக்கான (ஏஆர்டிஎஸ்) 2012இன் பெர்லின் வரையறை 1,000 மீட்டருக்கு மேல் திருத்தம் செய்யச் சொல்கிறது. நாம் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறோம். கடலோர நகரத்து ஆய்வகத்தின் எண்களோடு ஒப்பிடும்போது அன்றைய காற்றழுத்தத்தையும் குறித்துவைத்திருப்பவர் பின்னால் வருந்த மாட்டார்.

எட்டாம் படி: கண்காணிப்பும் நிறுத்தும் கோடும்

மரணத்தை அளவீடாக வைக்கும் காலம் முடிந்துவிட்டது. எந்த நிலையில் விலங்கைக் கருணையோடு கொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள்: தொடக்க எடையில் இருபது விழுக்காடு இழப்பு, முன்னோட்டத்தில் மீட்பில்லை என்று கண்ட உடல் வெப்பம், மல்லாத்தினால் திரும்ப முடியாமை. மனிதருக்குக் காய்ச்சல் ஏறும் இடத்தில் சுண்டெலிக்கு உடல் குளிரும் என்பதால் வெப்பமானியே உங்கள் சிறந்த கருவி. 2014இல் வெளிவந்த சுண்டெலி செப்சிஸ் மதிப்பெண் முறை, தோற்றம், விழிப்பு நிலை, நடமாட்டம், தூண்டலுக்குப் பதில், கண், மூச்சின் வேகம், மூச்சின் தன்மை ஆகிய ஏழையும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பிடுகிறது. மோசமான மணி நேரங்களில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அந்த நேரம் பெரும்பாலும் இரவு இரண்டு மணியாகவே அமையும். பணிப்பட்டியலை அதற்கேற்பப் போடுங்கள்.

எந்த மதிப்பெண் தாளையும்விடக் கூர்மையானவர்கள் கூடத்துப் பராமரிப்பாளர்கள். நான் இருந்த கூடத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். "சார், மூணாவது கூண்டுல ரெண்டு சரியில்ல, படுக்கையைக் கிளறவே மாட்டேங்குது" என்று அவர் சொன்னால், எங்கள் தாளில் மதிப்பெண் ஏறச் சில மணி நேரம் ஆகும், ஆனால் ஏறும். கூடு கட்டும் நடத்தையைப் பிறகு நாங்கள் ஓர் அளவீடாகவே சேர்த்துக்கொண்டோம்.

ஒன்பதாம் படி: திசு சேகரிப்பு

ஒரு சுண்டெலியின் நுரையீரலிலிருந்து எல்லாவற்றையும் எடுக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு திட்டமிடுங்கள். காற்றறையைக் கழுவி நீர் எடுத்த மடலில் கிருமி எண்ணினால் எண்ணிக்கை குறையும்; அதே மடலைத் திசுவியலுக்கு வைத்தால் வடிவம் கலைந்திருக்கும். நாங்கள் பின்பற்றிய முறை: இடது மூச்சுக்கிளையைக் கட்டிவிட்டு வலப்பக்கத்தை மட்டும் கழுவுவது, கழுவு நீரில் அணு எண்ணிக்கையும் புரதமும் பார்ப்பது, கட்டை அவிழ்த்து இடது மடலை ஃபார்மலினால் இருபது முதல் இருபத்தைந்து செ.மீ. நீரழுத்தத்தில் ஊதித் திசுவியலுக்கு வைப்பது. கிருமி எண்ண வேறொரு விலங்குத் தொகுதி. இரத்தத்திலும் மண்ணீரலிலும் எண்ணினால் பரவல் தெரியும். ஆன்டிபயாடிக் பெற்ற விலங்கின் அரைத்த திசுவில் மிச்சமிருக்கும் மருந்து தட்டிலேயே கிருமியைக் கொல்லும். பல மடங்கு நீர்த்தோ, பீட்டா-லாக்டம் மருந்தைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியைச் சேர்த்தோ அதை முறியடிக்காவிட்டால், மருந்து அற்புதமாக வேலை செய்வதாக ஒரு பொய்யான வரைபடம் கிடைக்கும்.

நுரையீரல் காயம் உண்டா என்று சொல்ல, அமெரிக்க மார்பு நோய்ச் சங்கத்தின் 2011 அறிக்கை நான்கு கூறுகளைப் பார்க்கச் சொல்கிறது: திசுச் சிதைவு, காற்றறை–இரத்தக்குழாய்த் தடுப்பின் கசிவு, அழற்சி, செயல்பாட்டுக் குறைவு. சைட்டோகைன் எலைசா (அழற்சிப் புரதத்தை அளக்கும் சோதனை) ஒன்றை மட்டும் வைத்து 'நுரையீரல் காயம்' என்று எழுதுவது சரியல்ல.

பத்தாம் படி: எண்ணிக்கையும் அலசலும்

இறப்பு 80 விழுக்காட்டிலிருந்து 50ஆகக் குறைவதை எண்பது விழுக்காடு உறுதியோடு கண்டுபிடிக்க ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 39 விலங்குகள் வேண்டும். கிருமி எண்ணிக்கையில் பத்து மடங்கு (ஒரு லாக்) வேறுபாட்டை, திட்ட விலக்கம் 0.7 லாக் என்று கொண்டால், ஏறத்தாழ ஒன்பதிலேயே கண்டுவிடலாம். அளவீட்டைத் தேரும் முடிவே விலங்குகளைக் காக்கும் முடிவும் ஆகிறது.

நாற்பத்தெட்டாம் மணியில் கிருமி எண்ணும்போது ஒரு பொறி உண்டு. அதற்குள் நிறுத்தும் கோட்டைத் தொட்டு அகற்றப்பட்டவற்றில்தான் கிருமி மிகுதியாக இருந்திருக்கும். எஞ்சியவற்றை மட்டும் எண்ணினால் சிகிச்சையற்ற குழுவும் நலமாகத் தோன்றும். முன்னதாக அகற்றிய விலங்குகளிலும் அந்த நேரத்திலேயே எண்ணி, அலசலில் சேர்க்கும் முறையை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

கட்டுரை எழுதும்போது விலங்கு ஆய்வுகளை எழுதுவதற்கென்றே உள்ள, 2020இல் புதுப்பிக்கப்பட்ட அரைவ் நெறிகளின் முதன்மையான பத்துக் கூறுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். விலங்கின் கிளை, பாலினம், வயது, கூண்டுக்கு எத்தனை, எந்த மணியில் தொற்று, தட்டில் எண்ணிய உண்மையான கிருமி அளவு, எத்தனை விலங்குகள் ஏன் விலக்கப்பட்டன என்பவை எல்லாம் முறைகள் பகுதியில் இடம்பெற வேண்டும். நோயுறாமல் போன அந்தச் சில்க் போர்டுத் தொகுதி போன்றவையும் எண்ணிக்கையில் வர வேண்டும். மிஞ்சிய பாரஃபின் கட்டைகளிலும் சீரக் குப்பிகளிலும் விலங்கு எண், தேதி, குழுவின் மறைகுறி ஆகியவற்றை ஆல்கஹாலில் அழியாத மையால் எழுதி, அதே பட்டியலின் நகல் ஒன்றைக் குளிர்பெட்டிக் கதவிலும் ஒன்றை மேற்பார்வையாளரின் கோப்பிலும் வைத்துவிட்டு வாருங்கள். மூன்றாண்டு கழித்து வேறொரு மாணவர் வேறொரு கேள்வியோடு வரும்போது, புதிய விலங்குகளைக் கேட்கும் முன் அந்தக் கதவைத்தான் அவர் முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.